வெள்ளவத்தையில் மாமி இருக்க ஹோட்டல் எதற்கு?

வணக்கம் அக்கா,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கு அவர்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், கோட்டையில் உள்ள கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் ஓர் இரவு தங்கவைக்க ஆசை. அப்பா லொறி ஓடிய காலத்தில் அந்தக் கட்டடத்தை வெளியில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் வீட்டில் எல்லோரும், "வெள்ளவத்தையில் மாமி இருக்க ஹோட்டலுக்கு ஏன் காசைக் கொட்டுறாய்? பழைய கட்டடம், மணக்கும், நித்திரை வராது" என்கிறார்கள். பழைய ஹோட்டல்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை வாசித்துத்தான் இந்த ஆசையே வந்தது. உண்மையில் கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா? அம்மா வெள்ளிக்கிழமை சைவம். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கூட்டிக்கொண்டு போங்கள். மற்றக் கதை பிறகு.

மாமியைப் பகைக்கவும் வேண்டாம். மத்தியானச் சாப்பாடு மாமி வீட்டில், இரவுக்கு மட்டும் ஹோட்டல் என்று இப்போதே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள், கொழும்பில் இறங்கிய பிறகு சொன்னால்தான் கோபம் வரும். எங்கள் சனத்துக்கு வெளியூரில் தங்குவது என்றால் ஒன்றில் சொந்தக்காரர் வீடு, இல்லாவிட்டால் கோயில் மடம், மடுத் திருவிழா என்றால் காட்டுக்குள் கூடாரம். மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் ரெஸ்ட் ஹவுஸ் இருந்ததுதான், ஆனால் அது உத்தியோகத்தருக்கு. காசு கொடுத்துப் படுப்பது என்றால் பாஸ்போர்ட் அலுவலாகவோ வழக்கு அலுவலாகவோ போய், வேறு வழியில்லாமல் புறக்கோட்டை லொட்ஜில் படுப்பதுதான்.

அந்த லொட்ஜ் அனுபவம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்கு நின்று, கொழும்பில் பொலிஸில் பதிந்து, இரவில் கதவில் தட்டுக் கேட்டால் அடையாள அட்டையோடு எழும்பி நின்ற யுத்த காலம் அது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் லொட்ஜ்களில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரை எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியா போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. கோட்டைப் பகுதி அதற்கு முந்தியே, 1996 ஜனவரி மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, தடையும் சோதனையுமாகிவிட்டது. வன்னி முகவரி உள்ள அட்டையோடு அங்கே சும்மா உலாத்த யார் போவார்கள்? ஆகவே "ஏன் காசைக் கொட்டுறாய்" என்பதில் காசு மட்டும் இல்லை என்று எனக்குப் படுகிறது. அப்பா வெளியில் நின்று பார்த்த இடத்துக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போவது, அந்த ஒன்றுக்கே பெறுமதி.

இனி ஹோட்டலைப் பற்றி. அந்தக் கட்டடம் 1837இல் படையினரின் பரக்ஸாகக் கட்டப்பட்டது, 1875இல்தான் ஹோட்டலாகத் திறந்தார்கள். 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வரும் கப்பல்கள் பெருகின. அதுவரை பெரிய கப்பல்களுக்குத் தெற்கே உள்ள காலி நகரம்தான் துறைமுகம். அதே 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள், பிறகு கப்பல்கள் மெல்ல மெல்லக் காலியை விட்டுவிட்டு இங்கே வரத் தொடங்கின. கப்பலால் இறங்குகிறவர் கால் வைக்கிற இடத்திலேயே படுக்கை கிடைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890 நவம்பரில் ஊர் திரும்பும் வழியில் அப்படித்தான் வந்து தங்கினார். நாலாம் மாடிச் சாப்பாட்டு அறை ஜன்னலில் நின்றால் துறைமுகம் அப்படியே கீழே தெரியும். லொறி ஓடிய மனிதருக்கு அந்தக் கிரேன்களும் கொள்கலன்களும் போதும், அப்பாவை ஜன்னலோர மேசையில் இருத்துங்கள். படம் எடுக்க முன் ஹோட்டல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மணக்கும் என்கிறார்கள், சரி, பழைய ஹோட்டல் என்றால் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும். கண்டியில் பழைய ஹோட்டல் ஒன்றில் எனக்குக் கிடைத்த அறையில் அலுமாரியைத் திறந்தால் பூச்சி உருண்டை மணம், ஜன்னல் தெருப்பக்கம் என்பதால் நடுச்சாமம் வரை பஸ் ஹோர்ன். குளியலறைக்கு ஒரு படி ஏற வேண்டும், பிற்காலத்தில் குழாய் போட்டபோது தரையை உயர்த்தியிருக்கிறார்கள். இரவில் நித்திரைக் கண்ணோடு எழும்பும் வயது போனவர்களுக்கு அந்த ஒரு படி போதும் விழ. அதனால் எந்தப் பழைய ஹோட்டலிலும், பாக்கைக் கொண்டுபோய் வைக்க முதல் அறையைக் காட்டச் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் வேறு அறை கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், வெள்ளைக்காரர் எல்லாம் கேட்டுத்தான் மாற்றுகிறார்கள். விலையையும் வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள், சும்மா சொல்லும் விலைக்கும் பில்லுக்கும் நல்ல வித்தியாசம் வரும். பல ஹோட்டல்களில் உள்ளூர்க்காரருக்கு வேறு விலை உண்டு, அதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். ஒருகாலம் எந்த அட்டையைக் காட்டப் பயந்தோமோ, அதே அட்டைக்கு இப்போது கழிவு!

படுக்கை எப்படி என்று பார்த்து இந்தக் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள். நல்ல மெத்தை வெள்ளவத்தையிலும் கிடைக்கும். அங்கே கிடைக்காதது, கந்தோர்கள் பூட்டிய பிறகான கோட்டை. பகலில் வாகனமும் சனமுமாக நிற்கவிடாத இடம், ஞாயிறு காலையில் வெறிச்சென்று கிடக்கும். சனி இரவு தங்கினால் ஞாயிறு வெயில் ஏற முதல் மூன்று பேருமாக நடக்கலாம். ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே சென் பீற்றர்ஸ் தேவாலயம், ஒல்லாந்த ஆளுநரின் வீடாக இருந்து ஆங்கிலேயர் காலத்தில் தேவாலயமானது. யோர்க் வீதியில் கார்கில்ஸின் சிவப்புக் கட்டடம். சதாம் வீதி முடிவில் வெளிச்சவீட்டு மணிக்கூடு: 1857இல் மணிக்கூட்டுக் கோபுரமாகக் கட்டி, 10 வருடம் கழித்துத் தலையில் விளக்கை வைத்திருக்கிறார்கள். சுற்றிவர உயர்ந்த கட்டடங்கள் மறைத்ததில் 1952இல் விளக்கை நிறுத்தியாயிற்று, மணிக்கூடு நிற்கிறது. ஒரேயொரு கரைச்சல், ஞாயிறில் பிளேன்ரீக்குக் கூடக் கடை தேட வேண்டியிருக்கும், ஆகவே காலைச் சாப்பாட்டோடு சேர்த்தே அறையைப் போடுங்கள்.

போக்குவரத்துக்கு வான் பிடிக்க வேண்டாம். கிளிநொச்சியில் ரயில் ஏறினால் கோட்டை ஸ்டேசனில் இறங்கி, ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். கல்யாண நாள் வெள்ளியில் விழுந்தாலும் பயணத்தைச் சனிக்குத் தள்ளுங்கள், அம்மாவின் சைவப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. இல்லை, வெள்ளிதான் என்று நின்றால், அறை போடும்போதே சைவச் சாப்பாடு வேண்டும் என்று சொல்லிவையுங்கள். அவர்கள் இழுத்தடித்தால் பின்னேரம் செட்டியார் தெருவுக்கு ஓட்டோவில் போய்க் கதிரேசன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அந்தப் பக்கத்துச் சைவக்கடையில் தோசை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அங்கே முழுக்க நகைக்கடை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பக் கொஞ்சம் நேரமாகும்.