கம்ப்யூட்டரை உள்நாட்டில் தயாரித்தால் தரம் கூடுமா?

உள்நாட்டில் செய்த கம்ப்யூட்டரைத்தான் வாங்க வேண்டுமா, இறக்குமதி ஆனால் என்ன குறைச்சல் என்று கேட்டிருக்கிறீர்கள். பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறேன். பெட்டியைத் திறந்து பார்ப்பவனின் பதில் இது.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றி, மேலே காய்ந்திருக்கும், சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அந்தச் சின்னத் தகட்டிலேயே அமெரிக்கா, தைவான், சீனா என்று மூன்று நாடுகளின் பெயர் பொறித்திருக்கும். உள்ளே இருக்கும் சிலிக்கானில் ஒரு துண்டு அமெரிக்காவில் உருவானது, கணக்குப் போடும் துண்டு தைவானில், எல்லாவற்றையும் சேர்த்துப் பதித்து மூடியது சீனாவில். ஒரு பிராசஸருக்கே இவ்வளவு கதை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்தால், 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் புகுந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க அதன் விலை எகிறியது. கம்ப்யூட்டரை எந்த நாட்டில் அசெம்பிள் செய்தாலும் அந்த அடி விழத்தான் செய்தது.

ஆக, உள்நாட்டுத் தயாரிப்பு என்று பெட்டியில் போட்டிருந்தால், பெரும்பாலும் கடைசிக்கட்ட அசெம்பிளியும் சோதனையும்தான் உள்நாட்டில் நடந்திருக்கும்.

அதிலும் டெஸ்க்டாப் வேறு, லேப்டாப் வேறு. டெஸ்க்டாப் பெட்டி பெரியது, உள்ளே பாதி காற்று. அதைக் கப்பலில் அனுப்புவது தண்டம். வாங்குபவர் கேட்கிற ரேம், டிஸ்க்கைப் போட்டுக் கொடுக்கவும் ஆலை பக்கத்தில் இருந்தால் வசதி. டெல் நிறுவனம் 2005-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் டெஸ்க்டாப் ஆலை திறந்ததும் இப்படிப்பட்ட கணக்கில்தான். ஆனால் சந்தை லேப்டாப் பக்கம் சாய, 2010-இல் அதை மூடிவிட்டார்கள். லேப்டாப் கையடக்கம், விமானத்திலேயே ஏற்றிவிடலாம். அதனால் பாகங்கள் கிடைக்கும் ஊருக்கே அசெம்பிளியும் போய்விட்டது.

எல்லாம் கூலி குறைவு என்பதால்தான் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. 2013-இல் வந்த மேக் ப்ரோ என்ற டெஸ்க்டாப்பை ஆப்பிள் அமெரிக்காவின் டெக்சாஸில் அசெம்பிள் செய்தபோது ஒரு திருகுக்குத் திண்டாடியது. அங்கே கிடைத்த பட்டறையால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 1,000 திருகுதான் தர முடிந்தது என்று பின்னாளில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. திருகு, கீல், கேபிள், பிளாஸ்டிக் அச்சு செய்கிறவர்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருப்பதுதான் சீனாவின் பெரிய பலம். இறக்குமதி வரி போட்டு அதை ஒரே வருடத்தில் இடம் மாற்றிவிட முடியாது.

அதற்காக அசெம்பிளியை வெறும் திருகு முடுக்கும் வேலை என்று இளப்பமாகப் பேசவும் எனக்கு மனசில்லை. இன்டெல் 1972-இல் மலேசியாவின் பினாங்குக்குப் போனது சிப்புகளை அசெம்பிள் செய்யத்தான். அப்புறம் அங்கேயே வடிவமைப்பு வேலையும் வந்து சேர்ந்தது. எங்காவது தொடங்கித்தானே ஆக வேண்டும்.

சரி, வாங்குகிறவருக்கு என்ன? தரத்தை நிர்ணயிப்பது மாடலின் வடிவமைப்பும் சோதனையும்தான், நாடு அல்ல. ஒரே நிறுவனத்தின் மலிவு மாடலில் கீல் பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வருவதையும், விலை கூடிய மாடலில் அதே கீல் அசையாமல் நிற்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். ஒட்டியிருக்கும் நாட்டின் பெயரைத் தேடுவதற்குப் பதில் பேட்டரி, கீபோர்டு, கீல் மூன்றும் தனியாகக் கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். உள்நாட்டு ஆலை இருந்தும் கீபோர்டு வர ஒரு மாதம் ஆகும் என்றால், அந்த மாடலை நான் வாங்க மாட்டேன்.