பனியன் கம்பெனியில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி எப்படிப் புரிய வைப்பது?

உங்கள் யூனிட்டில் 200 பெண்கள், வகுப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பூரில் ஒரு கம்பெனியில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். வகுப்பை அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். மிச்ச உழைப்பையெல்லாம் அவர்களைப் பரிசோதனைக்கு அனுப்பி வைப்பதில் போடுங்கள்.

முதல் வருடம் நான் திரை கட்டி, படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். முடிந்ததும் செக்கிங் டேபிள் அக்கா ஒருவர் எழுந்து, "ஏனுங்க சிஸ்டர், நான் ரெண்டாவது பிரசவத்துலயே ஆபரேஷன் பண்ணிக்கிட்டனே, எனக்கெல்லாம் எப்படிங்க வரும்?" என்றார். சுற்றி இருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள், கர்ப்பப்பையும் அதன் வாயும் அப்படியே இருக்கின்றன என்பதை நான் சொல்லவே இல்லை. இப்போது அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்து வருவது "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே". தொந்தரவு வரும் முன் பார்ப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனை. இந்த நோயைக் கொண்டுவரும் எச்பிவி (HPV) என்ற வைரஸ் தொற்றி, அது போகாமல் தங்கி, புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15, 20 வருடம் ஆகும். இதை என்னைவிட அந்த அக்காவே நன்றாகச் சொன்னார்: "துணியில சின்ன ஓட்டைய கட்டிங்குக்கு முன்னாடி பாத்தா ஒதுக்கிடலாம். தைச்சுப் பெட்டியில போனப்பறம் பாத்தா?" அதற்கப்புறம் எல்லா பேட்சுக்கும் அவரையே பேச வைத்தேன்.

வைரஸ் தாம்பத்திய உறவில் பரவுவது என்றதும் முகங்கள் மாறும். மழுப்பாதீர்கள். கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும், பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும் என்று நேராகச் சொல்லுங்கள். இதை லைன் சூப்பர்வைசர்களும் கேட்க வேண்டும். ஒரு பெண் பரிசோதனைக்குப் போனதை நடத்தையோடு முடிச்சுப் போட்டுப் பேச அவர்களில் ஒருவர் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் முதல் வருடம் போனவர்கள் 6 பேர்தான். காரணம் வெட்கம் என்று நினைத்தேன். விசாரித்தால், அரை ஷிப்ட் கூலி. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வட்டி கட்டுகிறவர்களிடம் அதைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. அடுத்த வருடம் நிர்வாகத்திடம் போராடி, கூலி பிடிக்காமல் 2 மணி நேரமும் கம்பெனி வேனும் வாங்கினேன். எட்டு எட்டுப் பேராக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசம்.

உள்ளே என்ன நடக்கும் என்று வேனிலேயே சொல்லிவிடுவேன். ஒரு கருவியால் விரித்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைப்பார்கள். லேசாக எரியலாம். ஒரு நிமிடத்தில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். பக்கத்திலிருக்கும் திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தப் பரிசோதனையை வைத்துப் பெரிய ஆய்வு நடந்து, 2007-இல் முடிவு வெளியானது. ஒரே ஒரு தடவை பார்த்ததிலேயே இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. இதைச் சொன்னால் நம்புகிறார்கள், நம்ம பக்கத்து ஊர்ப் பெண்கள் அல்லவா.

உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இதில் எது இருந்தாலும் பரிசோதனைக்குப் போகும் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள். மகள்களுக்குத் தடுப்பூசி 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. போட்டவர்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்தாக வேண்டும்.

வெள்ளைத் திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் திட்டு தெரிந்த பிறகு மேற்கொண்டு பார்க்கவும் சிகிச்சைக்கும் பலர் தனியாகப் போகமாட்டார்கள். எங்கள் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் ஷிப்மென்ட் நெருக்கடி என்று மூன்று வாரம் தள்ளினார். கடைசியில் நானே கூடப் போனேன். திட்டு இருந்த இடத்தைக் கடும் குளிரால் உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை அன்றைக்கே முடிந்தது, வியாழக்கிழமை போனவர் சனிக்கிழமை மெஷினில் இருந்தார்.

முடிவுகள் எழுதிய நோட்டை ஆபீஸில் வைக்காதீர்கள். முதலுதவி அறை பீரோவில் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். யார் பெயரும் வெளியே போகாது என்று தெரிந்த பிறகுதான் எங்கள் தையல் லைனிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.