சூடோவில் மட்டும் ஸ்கேனர் தெரிகிறதா?

ஸ்கேனர்களை இயக்கும் சேன் மென்பொருளை லினக்ஸில் மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவிய பிறகு, சூடோவுடன் (அதாவது நிர்வாகி உரிமையுடன்) இயக்கினால் ஸ்கேனர் தெரிகிறது, சாதாரணப் பயனராக இயக்கினால் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் தொகுத்தது சரியாகவே இருக்கிறது. தயவுசெய்து மறுபடி முதலிலிருந்து தொடங்காதீர்கள். யூஎஸ்பி சாதனத்தைத் திறக்க உங்கள் கணக்குக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

தொகுத்ததை நிறுவும் 'மேக் இன்ஸ்டால்' கட்டளை, எந்தச் சாதனத்தை யார் திறக்கலாம் என்று சொல்லும் யூடெவ் விதிகளை உரிய இடத்தில் வைப்பதில்லை. பலரும் திணறுவது இங்கேதான். தொகுத்த கோப்புறையில் டூல்ஸ், அதற்குள் யூடெவ் என்ற உட்கோப்புறையில் லிப்சேன் விதிக் கோப்பு உருவாகியிருக்கும். அதை ஈடிசி என்ற அமைப்புக் கோப்புறையிலுள்ள யூடெவ் விதிகளுக்கான கோப்புறைக்கு நகலெடுங்கள். 'ஸ்கேனர்' குழுவில் உங்கள் கணக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாகச் சேர்த்தால் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பிறகு யூஎஸ்பி கேபிளைக் கழற்றிச் செருகுங்கள்.

சாதனக் கோப்பில் எல்லோருக்கும் எழுதும் உரிமையைத் திறந்துவிடும் குறுக்குவழி வேண்டாம். கேபிளைக் கழற்றியதும் அந்த மாற்றம் போய்விடும்.

இன்னொன்று: நிறுவும் இடத்தை நீங்கள் குறிப்பிடாவிட்டால், அமைப்புக் கோப்புகள் யூஎஸ்ஆர் லோக்கல் கோப்புறைக்குள் இருக்கும். ஈடிசியிலுள்ள பழைய டிஎல்எல் கோப்பை (சேன் ஏற்ற வேண்டிய ஸ்கேனர் இயக்கிகளின் பட்டியலை) திருத்தினால், நீங்கள் தொகுத்த பதிப்பு அதைப் படிக்காது.