டோவர் பிஷப் உண்டு, டோவர் திருமண்டலம் இல்லை

1872-ம் வருஷக் கடிதத்தில் 'டோவர் பிஷப்' என்று இருக்கிறது, ஆனால் டோவர் என்ற இங்கிலாந்து ஊரின் பெயரில் திருமண்டலம் (ஒரு பிஷப்பின் ஆளுகைப் பகுதி) எந்தப் பட்டியலிலும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. அப்படி ஒரு திருமண்டலமே கிடையாது. அவர் கேன்டர்பரி திருமண்டலத்தின் துணை பிஷப், அதாவது சஃப்ரகன். அவருடைய பட்டத்துக்கு ஓர் ஊர்ப்பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு வேர் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்து 1534-ம் வருஷச் சட்டம். துணை பிஷப்புகள் எந்தெந்த ஊர்ப்பெயரில் பட்டம் சூடலாம் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள், டோவரும் அதில் ஒன்று. அப்புறம் துணை பிஷப்புகளை நியமிக்கும் வழக்கம் நின்றுபோனது. சட்டம் மட்டும் ரத்தாகாமல் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தூங்கியது (சட்டங்களுக்கு மட்டும்தான் இப்படித் தூங்க வாய்க்கும்!). 1870-ல் அதையே தூசி தட்டி எட்வர்ட் பாரியை டோவர் பிஷப்பாக்கினார்கள். 1890 வரை அவர்தான், ஆக உங்கள் கடிதத்தில் இருப்பவரும் அவரே.

ஆவணங்களை கேன்டர்பரி பெயரில் தேடுங்கள். இன்னொன்று: 1877-ல் திருநெல்வேலிக்கு நியமிக்கப்பட்ட கால்டுவெல், சார்ஜென்ட் இருவரையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் சென்னை பிஷப்பின் உதவி பிஷப்புகள். ஊர்ப்பெயரில் பட்டம் தரும் இந்த ஏற்பாடு இங்கிலாந்துச் சட்டத்தோடு சரி.