641 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

ஃபெர்மா எண்கள் (2-இன் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துப் போகும் அடுக்குகளோடு 1 கூட்டி வருபவை; பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவின் பெயர் கொண்டவை) பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 4294967297 பகா எண் அல்ல, அது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று கணிதவியலாளர் ஆய்லர் 1732-இல் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். கால்குலேட்டர்கூட இல்லாத காலம். 641 அவர் கையில் எப்படி அகப்பட்டது? வரிசையாக வகுத்துப் பார்த்தாரா, இல்லை அதிர்ஷ்டமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அதிர்ஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. 641 என்பது 116ஆவது பகா எண். 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போனாலும் பொறுமை உள்ளவர் அதைத் தொட்டுவிடலாம். ஆனால் 116 தடவை வகுக்க வேண்டியதில்லை, ஐந்து தடவை போதும். 1732 கட்டுரையில் ஆய்லர் விடையை மட்டும்தான் தந்தார். வழியைப் பின்னாளில் நிறுவிக் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த வழி அது.

4294967297-ஐ இலக்கங்களாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. 2-இன் 32ஆம் அடுக்கு, கூட்டல் 1 என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘ப’ என்ற பகா எண் அதை வகுக்கிறது என்று வைப்போம். அப்படியானால் 32ஆம் அடுக்கை ப-வால் வகுக்கும்போது மீதி −1 (அதாவது, ப-வின் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு). அதை வர்க்கப்படுத்தினால் 64ஆம் அடுக்கில் மீதி 1.

இப்போது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், மீதிகளை மட்டும் கவனியுங்கள். அவை சுற்றிச் சுற்றி 1-க்கே திரும்பி வரும். 64ஆம் அடியில் 1 வருவதால் சுற்றின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும். அது 32-ஆகவோ, 16, 8 போன்று அதைவிடச் சிறியதாகவோ இருந்தால் 32ஆம் அடியிலேயே 1 வந்திருக்கும். அங்கே வந்ததோ −1. ஆக, சுற்றின் நீளம் சரியாக 64.

அப்புறம் வருவது ஃபெர்மாவே 1640-இல் சொன்ன தேற்றம்: 2-இன் (ப−1)ஆம் அடுக்கிலும் மீதி 1. எனவே ப−1 என்பது 64-இன் மடங்கு. 64-இன் மடங்கோடு 1 கூட்டி வரும் பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் அகப்பட்டுவிடுகிறது!

641 வகுக்கிறது என்பதை நீண்ட வகுத்தல் இல்லாமலே பார்த்துவிடலாம். 641 = 5×128 + 1. அதாவது 5-ஐ 2-இன் 7ஆம் அடுக்கால் பெருக்கி 641-ஆல் வகுத்தால் மீதி −1. இருபுறமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625-ஐ 2-இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியதற்கு மீதி 1. ஆனால் 641 = 625 + 16 என்பதும் உண்மை; ஆகவே 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம். 16 என்பது 2-இன் 4ஆம் அடுக்கு. 28-உம் 4-உம் சேர்ந்து 32. கிடைப்பது: 2-இன் 32ஆம் அடுக்குக்கு மீதி −1. அதோடு 1 கூட்டினால் பூச்சியம். எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மனதை உறுத்துவது ஃபெர்மாவை நினைக்கும்போதுதான். 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள் என்பதைக் கண்டு அடுத்ததும் அப்படியே என்று நம்பினார். தவறைக் காட்டும் கருவி அவருடைய தேற்றம்தான். ஐந்து வகுத்தல் தூரத்தில் உண்மை இருந்தது.

641-க்குத் துணையாக வரும் காரணி 6700417. அதுவும் பகா எண்தான். அதிலிருந்து 1-ஐக் கழித்து 64-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 104694 வரும்.