இன்சுலினும் சதையும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 64 வயது. பல வருடமாகச் சர்க்கரை. மாத்திரையில் கட்டுப்படவில்லை என்று டாக்டர் இன்சுலின் போடச் சொல்லிவிட்டார். அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். இரண்டு வருடத்தில் தொடையெல்லாம் வற்றி, வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. “ஊசியைத் தொட்டால் இருக்கிற தெம்பும் போய்விடும்” என்கிறார். ஜிம்முக்குப் போகும் என் தம்பியோ, இன்சுலின் போட்டால் உடம்பு ஏறும் என்று அங்கே யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறான். இதில் எது சரி?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

இருவரும் நினைப்பது தவறு. முதலில் அப்பாவின் விஷயம்.

இன்சுலின் என்றால் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்றே பழகிவிட்டோம். சதையில் அதற்கு இன்னொரு பெரிய வேலை உண்டு. நம் தசைப் புரதம் நாள் முழுக்க உடைந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. அந்த உடைப்பை அடக்கி வைப்பது இன்சுலின். அது குறைந்தாலோ, இருந்தும் உடம்பு அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ, தசை செல்லுக்குள் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதம் மற்ற புரதங்களின்மேல் அதிகமாக ஒட்டத் தொடங்கும். அப்படி ஒட்டப்பட்டவற்றை, செல்லுக்குள் புரதத்தை நறுக்கும் இயந்திரம் போன்ற புரோட்டியசோம் துண்டு துண்டாக நறுக்கிவிடும். வெளியே வரும், புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களில் அலனின் போன்றவை ஈரலுக்குப் போய் அங்கே குளுக்கோஸாக மாறுகின்றன. அதாவது சதை கரைந்து சர்க்கரையாகி, ஏற்கெனவே ஏறிக் கிடக்கும் ரத்தச் சர்க்கரையை இன்னும் ஏற்றுகிறது. அப்பாவின் தொடையில் இதுதான் நடந்துகொண்டிருக்கக்கூடும். எடை குறைய வேறு காரணமும் இருக்கலாம், அதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

1922 ஜனவரியில் டொரொன்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட லியோனார்டு தாம்ப்சனுக்கு வயது 14, எடை சுமார் 29 கிலோதான். அன்றைக்கு இருந்த ஒரே வைத்தியம் கிட்டத்தட்டப் பட்டினி போடுவது. முதல் ஊசியில் போட்ட மருந்து சுத்தமாக இல்லாததால் பலன் தரவில்லை. சுத்தப்படுத்திய மருந்தை அதே மாதம் 23ஆம் தேதி மறுபடி போட்டார்கள். பையன் தேறினான், அதன்பிறகு 13 வருடம் வாழ்ந்தான். ஊசி தெம்பைப் பறிக்கும் என்று அப்பா சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். உடைப்பைத் தடுக்கும் இன்சுலின் புதிய தசையையும் கட்டாதா? இதை மனிதர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1987இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆரோக்கியமானவர்களின் கைத்தமனிக்குள் கொஞ்சமாக இன்சுலினைச் செலுத்தினார்கள், அந்த முன்கையில் மட்டும் அளவு உயரும்படி. தமனியில் உள்ளே போகும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் எவ்வளவு, சிரையில் வெளியே வருவது எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். தசையால் இந்த அமினோ அமிலத்தைச் செய்யவும் முடியாது, எரிக்கவும் முடியாது. ஆகவே தசையிலிருந்து வருவதெல்லாம் உடைந்த புரதம், தசைக்குள் தங்குவதெல்லாம் கட்டிய புரதம். எவ்வளவு அழகான யோசனை! இன்சுலின் ஏறியதும் உடைப்பு குறைந்தது, கட்டுமானம் பெரிதாகக் கூடவில்லை. ரத்தத்தில் அமினோ அமிலம் தாராளமாக இருந்தால்தான் கட்டுவதிலும் இன்சுலினின் உதவி தெரிகிறது என்று பிந்தைய ஆய்வுகளும் காட்டின. அந்த அமினோ அமிலம் சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். உடைப்பை அடக்கவும், ஒரு சாதாரணச் சாப்பாட்டுக்குப் பின் கணையம் சுரக்கும் அளவே ஏறக்குறைய போதும்.

ஆகவே கணையம் ஒழுங்காக வேலை செய்யும் இளைஞனுக்கு ஊசியில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஆபத்து மட்டுமே. சர்க்கரை திடீரென்று விழும், மயக்கம் வரும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். அப்பாவுக்கு வாங்கும் மருந்து ஃபிரிட்ஜில் இருக்கும்போது இதைத் தம்பியிடம் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. அவனுக்குத் தேவை எடை தூக்குவதும், முட்டை, பயறு, மீன், தயிரும், தூக்கமும்.

அப்பாவுக்கு ஊசி மட்டும் போதாது. வயதானவர்களின் தசை இன்சுலினுக்கு மந்தமாகவே பதில் சொல்லும். வேகமாக நடந்த பிறகு அந்த மந்தம் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, வேளாவேளைக்குக் கொஞ்சம் புரதம் என்று தொடங்கலாம். நீண்ட நாள் சர்க்கரை என்பதால் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்து, எவ்வளவு புரதம் என்பதை டாக்டரே சொல்லட்டும். ஊசியின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.