கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறான். இரண்டு வருடமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் எலெக்ட்ரானிக் இசை அமைக்கிறான். இணையத்தில் அவன் ஏற்றிய ஒரு டிராக்கைக் கேட்ட மும்பை நிறுவனம் ஒன்று, அதை வெளியிட ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. பையன் மைனர் என்பதால் என் கையெழுத்து வேண்டுமாம். ‘இனி காலேஜ் எதற்கு? நான் டிஜே ஆகப் போகிறேன்’ என்கிறான். எனக்கு இந்த இசையும் தெரியாது, ஒப்பந்தத்தின் ஆங்கிலமும் புரியவில்லை. டிஜே என்றாலே குடியும் கும்மாளமும்தான் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா?
- ஒரு தந்தை, ஈரோடு

பதில்:

அன்புள்ள ஐயா,

போடலாம். ஆனால் இந்த ஒப்பந்தத்தில், இந்த வாரமே, வேண்டாம்.

சொந்தக்காரர்கள் பேச்சை முதலில் ஒதுக்கிவையுங்கள். டிஜே என்பவர் ஏற்கெனவே இருக்கும் பாடல்களை, எதிரே நிற்கும் கூட்டத்தின் நாடி பிடித்து, ஒன்றோடு ஒன்று இழைத்து ஒலிக்கவிடுகிறவர். உங்கள் மகன் அதற்கும் மேலே ஒரு வேலை செய்கிறான். மெட்டு, தாளம், ஒலிக்கலவை எல்லாவற்றையும் தனியாளாக உருவாக்குகிறான். ஒரு டிரம் அடியின் கனம் சரியாக அமையவே சில நாள் ஓர் இரவு முழுவதும் போய்விடும். அந்தப் பொறுமையோடு இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கும் பையனை ஊதாரி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அவன் தோற்றுவிடுவானோ என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கோ, சின்ன வயதிலேயே ஜெயித்துவிட்டால் அவன் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான் கவலை.

நெதர்லாந்தைச் சேர்ந்த டிஜே மார்ட்டின் காரிக்ஸைப் பற்றி மகனிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் டியஸ்டோ என்ற டிஜேயைப் பார்த்து ஆசைப்பட்ட சிறுவன் அவர். 2013-ல், உங்கள் மகனின் இதே 17 வயதில், அவருடைய ‘அனிமல்ஸ்’ என்ற டிராக் வெளியாகி பிரிட்டன் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மகன் சொல்லாமல் விடக்கூடிய பகுதி இதற்குப் பிறகு வருகிறது. 2015-ல் காரிக்ஸ் தன் இசை நிறுவனத்தையும் மேனேஜர்களையும் விட்டு விலகினார். உலகமே கேட்ட தன் இசையின் உரிமை தன்னிடம் இல்லை என்பதுதான் தகராறு. பதின்ம வயதில் போட்ட ஒப்பந்தம், நீதிமன்றம் வரை அவரை இழுத்தது. அடுத்த ஆண்டே சொந்த நிறுவனம் தொடங்கி, டிஜே மேக் பத்திரிகையின் உலகப் பட்டியலில் முதலிடத்துக்கும் வந்தார் என்பது அவருடைய திறமை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அமையாது.

ஆகவே அந்தக் காகிதத்தைப் பார்ப்போம். வீட்டில் உருவான ஒரு டிராக்கில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. இசையமைப்பின் உரிமை ஒன்று. ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. இதைத் தொழிலில் மாஸ்டர் என்பார்கள். இன்றைக்கு இரண்டும் உங்கள் மகனுடையவை. எதை, எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாடுகளுக்குக் கொடுக்கிறோம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று நம் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் கொள்கிறது. அதனால்தான் பல நிறுவனங்கள் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. அந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள். இருந்தால், குறிப்பிட்ட சில வருடங்கள் என்று மாற்றித் தரக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இசையமைத்தவருக்கு வரவேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்க முடியாது என்று அந்தச் சட்டத்தின் 2012 திருத்தம் சொல்கிறது. அந்தத் தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கம் மும்பையில் 1969 முதல் இருக்கிறது. அதில் உறுப்பினராவது பற்றி விசாரியுங்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொரு வரி. ‘இனி உருவாக்கும் டிராக்குகளும் எங்களுக்கே’ என்ற பொருளில் எங்கேயாவது எழுதியிருந்தால் அதை நீக்காமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். இன்னும் பிறக்காத இசையை 17 வயதில் யாரும் அடகு வைக்கக் கூடாது. இசையை வெளியிடும் நிறுவனமே மேனேஜராகவும் இருக்க முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். பேரம் பேச வேண்டிய இருவரும் ஒரே ஆளாக இருந்தால், பையனுக்காகப் பேச ஆள் இருக்காது.

மகனிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த டிராக்கில் ஏதாவது சினிமாப் பாட்டின் குரலோ, வேறொருவர் வாசித்த துணுக்கோ இருக்கிறதா? ‘எல்லாம் என் சொந்தப் படைப்பு, வழக்கு வந்தால் செலவு என்னுடையது’ என்ற உறுதிமொழி இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். அனுமதி இல்லாத நாலு விநாடித் துணுக்கு உங்கள் தலையில் விடியலாம்.

காப்புரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் இதைக் காட்டுங்கள். அந்தக் கட்டணத்தை இசைக் கருவி வாங்கித் தந்த செலவாக நினையுங்கள். பையனுக்கு 18 முடியச் சில மாதங்களே இருக்குமானால் அதுவரை பொறுக்கலாம். புரிந்து படித்து அவனே கையெழுத்துப் போடட்டும்.

காகிதத்தைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. அவிச்சி என்ற பெயரில் உலகம் அறிந்த டிஜே, ஸ்டாக்ஹோம் இளைஞர் டிம் பெர்க்லிங் 22 வயதில் பெரும்புகழ் அடைந்தார். ஊர் ஊராக இரவு நிகழ்ச்சிகள், விமானம், தூக்கமின்மை. மேடைப் பதற்றத்தைத் தாங்க மதுவை நாடியதை அவரே சொல்லியிருக்கிறார். 2012-ல் கணைய அழற்சியோடு மருத்துவமனையில் கிடந்தார். 2014-ல் பித்தப்பையையும் குடல்வாலையும் அகற்றினார்கள். 2016-ல் மேடையை விட்டே விலகினார். 2018 ஏப்ரலில் மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. அவர் பெயரில் பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை இன்று இளைஞர்களின் மனநலத்துக்காகவும் தற்கொலைத் தடுப்புக்காகவும் வேலை செய்கிறது. அந்தப் பெற்றோரை நினைத்துத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கு இசை கெடுதல் செய்யவில்லை. ஓய்வில்லாத கால அட்டவணைதான் செய்தது. மகன் மேடை ஏறத் தொடங்கினால் மாதத்துக்கு எத்தனை இரவு என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். 21 வயதுவரை மதுக்கூட நிகழ்ச்சிகள் வேண்டாம். அவனுடைய காதுதான் அவன் முதலீடு: 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இசைக் கலைஞர்களுக்கென்றே விற்கும் காதடைப்பானை வாங்கிக் கொடுங்கள்.

காலேஜ் விஷயத்தில் நான் உங்கள் கட்சி, ஆனால் முழுவதும் அல்ல. காரிக்ஸே இசைக்கான தொழிற்கல்வியை முடித்தவர் என்பதை மகனுக்கு நினைவூட்டுங்கள். பிடிக்காத பொறியியல் படிப்பில் தள்ளவும் வேண்டாம். சென்னையிலேயே கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் படிப்பு இருக்கிறது. இந்தப் படிப்புகள் கையில் இருந்தால், மேடை கிடைக்காத வருடங்களில்கூட ஒலிக்கூடங்களில் வேலை கிடைக்கும்.

நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘பிளஸ் டூ தேர்வு முடிந்த பிறகு, வழக்கறிஞர் பார்த்துச் சொன்ன திருத்தங்களோடு பேசுகிறோம்.’ உண்மையிலேயே அந்த டிராக் அவர்களுக்குப் பிடித்திருந்தால் காத்திருப்பார்கள்.